முதலில் டோக்கன், பிறகு சாமான்

கைதான் முதலில் வெளியே வரும். ஒன்றரை அடிச் சதுர ஜன்னல் அது. இடது கை முழங்கை வரை நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்தபடி நிற்கும். பித்தளை டோக்கன் அதில் விழுந்த பிறகுதான் வலது கை சாமானோடு வரும். முகம் வராது. பஸ் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தர், கருவி அறையில் இரண்டு கைகள் மட்டும் வேலை பார்ப்பதாக ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்தக் கைகளின் சொந்தக்காரரை எல்லோரும் ஆணி என்பார்கள். ஆள் அப்படித்தான். ஒல்லி, நெட்டுக்குத்து, உச்சந்தலை கொஞ்சம் சப்பை. வயது ஐம்பத்து நாலு. அறைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். எல்லாம் அவர் கையால் அடித்தவை. ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் அங்கே தொங்கவேண்டிய கருவியின் உருவத்தைச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் வரைந்திருப்பார். சுத்தியல் போனால் சுத்தியலின் வெள்ளை நிழல் மட்டும் சுவரில் நிற்கும். ஆணியில் எடுத்தவருடைய டோக்கன் தொங்கும். பட்டறையில் ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஐந்து டோக்கன். சாமான் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். பிசுக்கோடு வந்தால் போகாது. "குளிப்பாட்டிக் கொண்டா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஜன்னல் கதவு சாத்திக்கொள்ளும்.

"மனுஷன் சொல்றதை நான் கேக்குறதில்ல. டோக்கன் சொல்றதைத்தான் கேப்பேன். அது பொய் சொல்லாது" என்பார். இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு மட்டும் டோக்கன் கிடையாது. மேஸ்திரி ஒரு தடவை கேட்டுப் பார்த்தார், "நீயும் ஒரு நம்பர் வச்சுக்கோயேன்" என்று. ஆணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கு நானே டோக்கன் குடுத்து நானே வாங்கிக்கணுமா? பைத்தியமா எனக்கு?" அதோடு அந்தப் பேச்சு நின்றது. அது அப்படி நின்றிருக்கக் கூடாது.

பதினாலு மாதமாக ஒரே ஒரு ஆணியில் மட்டும் டோக்கன் இறங்கவில்லை. இருபத்து நாலு அங்குலப் பெரிய ரெஞ்சு தொங்கவேண்டிய இடம். டோக்கன் நம்பர் ஏழு. ஏழு என்றால் வெல்டர்.

வெல்டர் சொன்னது இது: சனிக்கிழமை சாயங்காலம் ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், ஜன்னலில் ஆள் இல்லை, விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். ஆணி சொன்னது இது: "ஜன்னல்ல வச்ச சாமான் எங்க போவும்? கால் முளைச்சு நடந்துச்சா? டோக்கன் தொங்குது பார்." வெல்டர் அவரை அண்ணே அண்ணே என்று சுற்றிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அண்ணன் போனார், மரியாதை போனது, கடைசியில் பேச்சே போனது. ரெஞ்சைத் தொலைத்தவர் என்று மேஸ்திரி வேறு வழியில்லாமல் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அந்த வருஷம் வெல்டருக்கு வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. சொந்தத்தில் நாலு சாமான் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ஆணியைக் குறிப்பிட வேண்டியிருந்தால் "அந்த ஜன்னல்" என்பார். ஆணி இவரை "ஏழாம் நம்பர்" என்பார்.

புயல் வருகிறது என்று ரேடியோ அலறிய வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜன்னல் முன்னால் கூட்டம். வீட்டைக் கட்டிப் போட எல்லோருக்கும் ஏதாவது வேண்டும். ஆணி முனகிக்கொண்டே மூன்று பேருக்குச் சாமான் கொடுத்தார், மற்றவர்களுக்குப் பழைய கம்பித் துண்டுதான். "காத்து உன் கூரையைத் தூக்கட்டும். என் சுத்தியலைத் தூக்கக் கூடாது" என்றார் ஒருத்தரிடம். வெல்டர் தூரத்தில், தன் வெல்டிங் மெஷின் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீடு கால்வாய்க் கரையில். தகரக் கூரை. ஆணி உள்ளேயிருந்து இதைக் கவனித்தார். இருந்ததிலேயே நல்ல நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. "அது எடுத்து வச்சது" என்றார். ஆறு மணிக்குப் பட்டறை காலியானது. வெல்டர் வராமலே போய்விட்டார். கயிறு திரும்பச் சுவர் ஆணிக்கு ஏறியது.

காற்று விடிய விடிய ஆடிவிட்டுப் போனது. சனிக்கிழமை காலை கரண்டு இல்லை, ஃபோன் இல்லை, பாதித் தெருக்களே இல்லை. ஆணியின் சம்சாரம் மகளின் பிரசவத்துக்குப் போய் இருபது நாளாகிறது. தனி ஆள். மழையில் ஊறி உப்பிய முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டு (சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு) சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார்.

பட்டறையின் பாதிக் கூரை பக்கத்துக் காலிமனையில் கிடந்தது. கருவி அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணிகளை எண்ணினார். வெள்ளை நிழல் மட்டும் நின்ற இடங்கள் நாலு. சுத்தியல், கரண்டுக்காரர். தாம்புக் கயிறு, மேஸ்திரி. பெரிய கத்தரி, சீட்டு தைக்கும் அக்கா. நாலாவது, தெரிந்ததுதான்.

முதல் மூன்று டோக்கன்களையும் கழற்றிக் கால்சட்டையின் இடது பாக்கெட்டில் போட்டார். ஏழின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ரெஞ்சு வராமல் டோக்கனை எடுப்பது அவர் சட்டத்தில் கிடையாது. "எடுக்கல. கூட்டிட்டுப் போறேன்" என்று ஆளில்லாத அறையில் சத்தமாகச் சொல்லிவிட்டு அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆளைக் கண்ணால் பார்த்ததும் டோக்கன் வலது பாக்கெட்டுக்கு மாறும். அதுதான் ஏற்பாடு.

கரண்டுக்காரர் வீட்டு மதில் மேல் உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு உள்பக்கம் இடுப்பளவு தண்ணீர், தெரு மட்டும் மேடு.

"என் சுத்தியல் எங்க?" என்றார் ஆணி, சைக்கிளிலிருந்து இறங்காமல்.

"அண்ணே, வீட்டுக்குள்ள தண்ணி ஓடுது."

"அதுக்குத்தான் கேக்குறேன். மரப்பிடி. ஊறிடும்."

"நாங்க நல்லா இருக்கோம்ணே. அவளும் புள்ளைங்களும் எதிர் வீட்டு மாடியில."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. சொல்லி வச்சேன்."

ஆணி தலையாட்டினார். ஒரு டோக்கன் இடதிலிருந்து வலதுக்குப் போனது. கரண்டுக்காரர் மதில் மேலிருந்து சுத்தியலைத் தூக்கிக் காட்டினார். வேட்டித் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். மதில் மேல் ஏறும்போது கையில் எடுத்த ஒரே பொருள் அதுதானாம். "உங்க வாய்க்குப் பயந்துதான்" என்றார்.

மேஸ்திரி வீட்டில் கூரை இருந்தது. தாம்புக் கயிற்றைக் கூரைச் சட்டத்தில் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்து, கட்டில் மேல் தானும் சம்சாரமுமாகப் பாரத்துக்குப் படுத்துவிட்டாராம்.

"ரெண்டு பேர் எடை. கூரை அசையல. கட்டில்தான் ரெண்டு தடவை தரையை விட்டு எழும்பிச்சு."

"உங்க எடைன்னு சொல்லுங்க. என்னை எதுக்கு இழுக்குறீங்க" என்றார் உள்ளேயிருந்து அவர் சம்சாரம்.

"கயிறு முறுக்கு விட்டுச்சா?" என்று கேட்டார் ஆணி.

"உனக்குக் கயிறு. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. அதைக் கேளு." பிறகு மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "வெல்டரைப் பாத்தியா? கால்வாய் உடைச்சுக்கிச்சுன்னு சொல்றாங்க. நான் போகலாம்னா குனிய முடியல."

"அந்தப் பக்கமாத்தான் போறேன்" என்றார் ஆணி. அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கால்வாய்க் கரைக்குச் சைக்கிள் போகாது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். நடக்கும்போதே என்ன கேட்பது என்று பார்த்தார். மற்றவர்களிடம் சுத்தியலைக் கேட்கலாம், கயிற்றைக் கேட்கலாம். இவரிடம் கேட்க இருப்பது ரெஞ்சு ஒன்றுதான். புயலடித்த மறுநாள் ஒரு மனுஷனின் வாசலில் போய் நின்று ரெஞ்சைக் கேட்டால், அந்த ஆள் கையில் கிடைத்ததைத் தூக்கி வீசுவான். வீசினால்கூட நல்லது என்று தோன்றியது. வீசுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறான் என்றாகும்.

வீட்டில் சுவர் நாலும் இருந்தது. கூரையைக் காணவில்லை. உள்ளே வானம் தெரிந்தது. ஒரு அலமாரி, ஒரு சுவர்க் கடிகாரம், நனைந்த பாய். ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சேற்றை வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்டுக்காரியும் புள்ளைங்களும் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. கூரை போனதும் நாங்கதான் கூட்டிட்டுப் போய் விட்டோம்."

"அவன்?"

"அவரு விடிஞ்சதும் கிளம்பிட்டாரு. யாரோ ஒரு கிழவன் தனியாக் கிடக்குறான், பாத்துட்டு வந்துடுறேன்னாரு. இந்தத் தண்ணியில போகாதீங்கன்னு அவங்க சத்தம் போட்டாங்க. கேக்கல. இன்னும் வரல."

"எந்தக் கிழவன்?"

"பேரைச் சொல்லலையே. கிழவன்னுதான் சொன்னாரு. பிடிவாதம் பிடிச்ச கிழவனாம். செத்தாலும் யாரையும் கூப்பிட மாட்டானாம்."

ஆணிக்கு எரிச்சல் வந்தது. தன் வீட்டுக் கூரை பறந்து கிடக்கிறது, பெண்டாட்டி பிள்ளை பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது, எவனோ ஒரு பிடிவாதக்காரக் கிழவனுக்காக இந்த ஆள் தண்ணீரில் இறங்கிப் போயிருக்கிறான். அந்தக் கிழவனுக்குத்தான் அறிவு வேண்டாமா? வயசான காலத்தில் தனியாக எதற்கு இருக்க வேண்டும்?

பாலத்தருகே ஒரு கையுறையைப் பார்த்தார். வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை, கம்பிக் கிராதியில் குப்பையோடு சிக்கிக் கிடந்தது. கீழே கால்வாய் காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. ஒரு குச்சியை விட்டு அதை எடுத்தார். மணிக்கட்டுப் பக்கம் உள்ளே மடித்துப் பார்த்தார். ஏழு. கையுறை வழங்கும்போது ஆணியே மையால் எழுதியது. அவருடைய ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகம் பார்க்கப் பிடிக்கவில்லை. சொட்டச் சொட்ட அந்தக் கையுறையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாகக் கிழவனைத் தேட ஆரம்பித்தார். கிழவன் கிடைத்தால் வெல்டர் கிடைப்பான்.

தனியாக இருக்கும் கிழவர்கள் அந்த வட்டாரத்தில் நினைத்ததைவிட அதிகம். முதல் கிழவர், "வந்ததுதான் வந்தே, இந்த அலமாரியை அந்தாண்ட நகர்த்திட்டுப் போ" என்றார். நகர்த்தியதும், முன்பு இருந்த இடமே தேவலை என்றார். இரண்டாவது கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தனியா இருக்குறவனா? நாலு பிள்ளை பெத்தவன்டா நான்" என்று கைத்தடியை ஓங்கினார். நாலு பேரில் ஒருத்தரும் அங்கே இல்லை என்பதை ஆணி சொல்லவில்லை. மூன்றாவது கிழவருக்குக் காது கேட்காது. இவரை நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் என்று முடிவு கட்டி, உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். வெல்டர் வந்தாரா என்று இவர் நாலு முறை கத்தியதற்கு, "ஆமாம், முப்பத்து ரெண்டு ஓடு" என்றார்.

வெயில் தலைக்கு மேல் வந்தது. சட்டைக்குள் கையுறை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜில்லென்று இருந்தது. இடது பாக்கெட்டில் டோக்கன்கள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நடையை நிறுத்தினால் சத்தம் நிற்கும். அதற்காகவே நிற்காமல் நடந்தார்.

சீட்டு அக்கா பட்டறைக்குப் பின் தெருவில் மாடி வீட்டில் இருக்கிறார். பஸ் இருக்கைகளுக்கு ரெக்சின் தைப்பவர். ஆணி படியேறியபோது, பெரிய கத்தரியை வைத்துக்கொண்டு பழைய ரெக்சினை வெட்டி ஜன்னலுக்குத் தட்டி தைத்துக்கொண்டிருந்தார்.

"என் கத்தரி..." என்று ஆரம்பித்த ஆணி, முடிக்காமல் சுவரில் சாய்ந்தார்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். "என்னண்ணே, மூஞ்சி இப்படி இருக்கு? உக்காரு."

ஆணி கையுறையை எடுத்துத் தரையில் வைத்தார். "ஏழாம் நம்பர். காலையில போனவன். யாரோ கிழவனைத் தேடிப் போயிருக்கான். கிழவனையும் காணோம், இவனையும் காணோம். மூணு கிழவனைப் பாத்துட்டேன். எவன்கிட்டயும் போகல."

அக்கா கையுறையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். பிறகு அவர் செய்த காரியம், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"எதுக்கும்மா சிரிக்கிற?"

"காலையில இங்கதான் வந்தான். உன் வீட்டுக்காரம்மா ஊர்லேருந்து வந்துட்டாங்களான்னு கேட்டான். இன்னும் வரலன்னேன். அப்ப அந்தக் கிழவன் தனியாத்தான் கிடக்குறான்னு சொல்லிக்கிட்டே ஓடினான்."

ஆணி யோசித்தார். யோசனை மெதுவாகத்தான் இறங்கியது.

"என்னையா சொன்னான்?"

"பின்னே?"

"எனக்கு ஐம்பத்து நாலு."

"அதை அவன்கிட்ட போய்ச் சொல்லு. கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சுண்ணே? உன்னை நீயே ரெண்டு மணி நேரம் தேடியிருக்க."

கையுறையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, அக்காவின் டோக்கனை வலது பாக்கெட்டுக்கு மாற்றக்கூட மறந்து ஆணி படியிறங்கினார்.

வீட்டின் முன்கதவு சாத்தியபடியே இருந்தது. பின்பக்கம் போனார். பின்கதவைக் காணவில்லை. கீல் கழற்றப்பட்டு, கதவு முழுசாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீலின் திருகாணிகள் நாலும் ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுத்தமான வேலை. உள்ளே சமையல் அறையில், கவிழ்த்த வாளியின் மேல் வெல்டர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. உயிரோடுதான் இருந்தார்.

ஆணி வாசலிலேயே நின்றார். சட்டைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து நீட்டினார்.

"உன்னுது. கால்வாய்ல கிடந்துச்சு."

வெல்டர் மடியிலிருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"உன்னுது. கதவாண்ட கிடந்துச்சு."

இருபத்து நாலு அங்குல ரெஞ்சு. பிடியில் பட்டறையின் முத்திரை. பக்கத்தில் தரையில், மஞ்சள் பூப்போட்ட ஒரு துணி உறை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த உறையை ஆணிக்குத் தெரியும். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் சம்சாரம் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் கட்டையின் உறை அது. தரையில் கீறல் விழுகிறது என்று பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஆணி அதைத் தினமும் காலால் நகர்த்துவார், தினமும் காலால் தள்ளி வைப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பதினாலு மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் விளிம்பில் ரெஞ்சு இருந்தது. சமையல் அறைக் குழாய் ஒழுகுகிறது என்று சம்சாரம் காலையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். ஆணி கையில் கிடைத்த ரெஞ்சைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிறு முழுவதும் குழாயின் கீழே நனைந்தார். திங்கள் முதல் நாலு நாள் காய்ச்சல். எழுந்து பட்டறைக்குப் போனபோது அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நினைவில் இல்லை; ரெஞ்சு இல்லை, டோக்கன் தொங்கியது. எடுத்தவருக்கு நம்பர் இருந்திருந்தால் அது தொங்கியிருக்கும். நம்பர் இல்லாத ஒரே ஆள் எடுத்திருந்தார்.

"குழாய்" என்றார் ஆணி.

"என்ன குழாய்?"

"ஒழுகிச்சு."

"இப்ப?"

"இப்ப ஒழுகல."

"சந்தோஷம்" என்றார் வெல்டர். "பதினாலு மாசம் ஊரே என்னை ரெஞ்சுத் திருடன்னு பாத்துச்சு. குழாயாவது நல்லா இருக்கே."

வெல்டர்தான் பேசினார், பதினாலு மாதப் பேச்சு பாக்கி இருந்தது. "முன்னால தட்டினேன், சத்தம் இல்ல. பூட்டும் தொங்கல. உள்ள தாழ் போட்டிருக்குன்னு நெனச்சேன்."

"சைக்கிள் இல்லையே, பாக்கலையா?"

"காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். பின்னால வந்து தள்ளினா கதவு பாதி அசையுது, அப்புறம் ஏதோ கனமாத் தடுக்குது. கதவுக்குப் பின்னால நீதான் விழுந்து கிடக்குறேன்னு முடிவு பண்ணிட்டேன். இடிச்சா உன் மேல படுமேன்னு கீலைக் கழட்டினேன். ஒரு மணி நேரம். துரு. கழட்டும்போது கொஞ்சம் அழுதுகூடப் போச்சு."

"அழுதியா?"

"அழுதேன். அப்புறம் அந்தப் பூத்துணியைப் பிரிச்சேன். அழுகை நின்னுடுச்சு."

ஆணிக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. வரக்கூடாத நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"டோக்கன் பொய் சொல்லாதுன்னியே" என்றார் வெல்டர்.

"அது சொல்லல. அது நான் மாட்டினபடிதான் தொங்குச்சு. கழட்டாதவன் நான்தான்." ஆணி இடது பாக்கெட்டில் கையை விட்டார். விரலில் ஏழு அகப்பட்டது. எடுத்து நீட்டினார்.

வெல்டர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. "இங்க வேணாம். சமையக்கட்டுல வச்சு நீ எனக்கு நல்லவன்னு சர்டிபிகேட் குடுக்காத. எங்க வச்சுக் குடுக்க மாட்டேன்னியோ அங்க வச்சு நீட்டு. எல்லாரும் இருக்கும்போது."

கை நீண்டபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மடங்கியது.

"உன் வீட்டைப் பாத்தேன்" என்றார் ஆணி. "கயிறு ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை."

"பாத்தேன். ஜன்னல்ல இருந்துச்சு."

"வந்து வாங்கியிருக்கலாம்ல?"

"கூப்பிட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

வெளியே எங்கோ யாரோ மரத்தை வெட்டும் சத்தம் கேட்டது.

"பள்ளிக்கூடத்துல போய் அவங்களைக் கூட்டிட்டு வா. இங்க இருங்க, கூரை போடுற வரைக்கும்" என்றார் ஆணி.

"கதவு இல்லாத வீட்லயா?"

"கூரை இல்லாத வீட்டுக்கு இது தேவலை."

வெல்டர் எழுந்து முதுகை நிமிர்த்தினார். கதவைத் தூக்கி நிலையில் பொருத்தினார். துருப்பிடித்த கீல் இரண்டும் பிடிக்கவில்லை. ஆணி யோசிக்காமல் ரெஞ்சை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார். கதவு நின்றது. உறையை மட்டும் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பறந்த கூரையை இழுத்து வரும் வேலை. முற்றத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்துக் கணுக்காலளவு நீர் நின்றது. ஜன்னல் முன்னால் வரிசை. கரண்டுக்காரர் சுத்தியலைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டு அக்கா கத்தரியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார், போகவில்லை. மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் பின்னால், பதினாலு மாதத்துக்குப் பிறகு, வெறுங்கையோடு வெல்டர்.

அவர் முறை வந்தது. இடது கை ஜன்னலிலிருந்து முழங்கை வரை நீண்டது. உள்ளங்கை நடுவில் ஏழு இருந்தது, புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு. வெல்டர் அவசரப்படவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து எடுத்துக்கொண்டார்.

"ரெஞ்சு கிடைச்சுடுச்சா?" என்றார் மேஸ்திரி. "நல்லதாப் போச்சு, அதை எடு. குழாய்க்கு அதுதான் வேணும்."

"இங்க இல்ல. வெளிய போயிருக்கு" என்றது உள்ளேயிருந்து குரல்.

"யார் பேர்ல?"

நீட்டிய கை உள்ளே போனது. பிறகு, "என் பேர்ல. அன்னைலேருந்து என் பேர்லதான். அப்படியே எழுதி அனுப்புங்க."

கரண்டுக்காரர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தோளுக்கு மேல் மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆணி சுவரைப் பார்த்தபடி, வெறும் ஆணியின் முன்னால், ரெஞ்சின் வெள்ளை நிழலுக்கு எதிரே நின்றிருந்தார். பாக்கெட்டிலிருந்து மஞ்சள் பூப்போட்ட உறையை எடுத்து உதறினார். டோக்கன் தொங்கவேண்டிய ஆணியில் மாட்டினார். பூ இல்லாத பக்கம் ஜன்னலைப் பார்த்துத் தொங்கியது. இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, பூக்கள் வெளியே தெரிகிற மாதிரி அதைத் திருப்பி மாட்டினார்.